கையைக் காட்டிவிட்டுத் திரும்புங்கள்

முப்பது ஆண்டுகளாகக் கார் ஓட்டுகிறேன். வீடு பள்ளத்தூரில், இரும்புக் கடை காரைக்குடியில். காலையில் கோட்டையூர் வழியாகப் போய் இரவு அதே வழியில் திரும்புகிறேன். சரக்குக்குப் பணம் வசூலிக்க வாரத்தில் இரண்டு நாள் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கும் போவதுண்டு. இத்தனை ஆண்டுகளில் நான் அதிகமாகத் திட்டியது லாரிக்காரர்களை என்று நினைப்பீர்கள். சைக்கிள்காரர்களைத்தான். பக்கத்து இருக்கையில் என் மனைவி இருந்தால், "கண்ணாடிய ஏத்திவிட்டுட்டுத் திட்டுங்க" என்று மட்டும் சொல்வாள்.

லாரி அடுத்து என்ன செய்யும் என்பதை அதன் பின்புறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். பஸ் எங்கே நிற்கும் என்று ஊருக்கே தெரியும். சைக்கிள் அப்படி இல்லை. இடப்பக்கம் ஓரமாகத் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும் மனிதர், எதிர்ச்சாரி டீக்கடையிலிருந்து யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார் என்பதற்காக, திரும்பிப் பார்க்காமல், கையைக் காட்டாமல், வண்டியை அப்படியே வலப்பக்கம் ஒடிப்பார். நான் பிரேக்கில் ஏறி நின்று, முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பிள்ளையார்பட்டிப் பிள்ளையாரைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் அவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அவர் மெதுவாகப் போவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மாட்டு வண்டிக்குப் பின்னால் அரை மைல் ஊர்ந்து போனவன் நான். அடுத்த நொடி அவர் எங்கே இருப்பார் என்று தெரியாததுதான் என் வயிற்றைக் கலக்குகிறது.

இரவில் நிலைமை இன்னும் மோசம். சைக்கிளின் பின் மட்கார்டில் ஒரு சிவப்புப் பிரதிபலிப்பான் இருக்கும். அதன்மேல் ஆறு மாதப் புழுதி இருக்கும். அந்தப் புழுதிக்கும் மேலே, கேரியரில் கட்டிய தவிட்டு மூட்டையோ புல்லுக்கட்டோ தொங்கி மறைத்துக்கொண்டிருக்கும். டைனமோ என்ற பொருள் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. நான் சிறுவனாக இருந்தபோது, விளக்கில்லாமல் போனால் போலீஸ்காரர் மடக்கிக் காற்றைப் பிடுங்கிவிடுவார் என்ற பயத்தில் எண்ணெய் விளக்கையாவது மாட்டிக்கொண்டு போனவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்று மடக்க ஆளும் இல்லை, பயமும் இல்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடந்துவிடும். விளக்கைத் தாழ்த்தி ஓட்டும்போது கறுப்புச் சட்டை போட்ட ஒரு முதுகு என் கண்ணில் படுவதற்கும் நான் அதைத் தொடுவதற்கும் நடுவே எனக்கு மிஞ்சுவது இரண்டு, மூன்று நொடிகள்.

போன ஐப்பசியில் ஒரு நாள் அந்த இரண்டு நொடியும் மிஞ்சவில்லை. ஆத்தங்குடிப் பக்கம் ஒரு கிளைச் சாலையில், பொழுது சாய்ந்து முக்கால் மணி நேரம் ஆன பிறகு வந்துகொண்டிருந்தேன். எதிரே ஒரு மினி லாரி டிம் அடிக்காமல் வந்தது. அந்த வெளிச்சத்தில் கண் கூசி, காலை பிரேக்கின்மேல் வைத்த வேளையில், சாலையின் நடுவுக்கு ஒரு சைக்கிள் விலகி வந்தது. கார் நின்றபோது முன்பம்பருக்கும் அவருடைய பின் சக்கரத்துக்கும் ஒரு முழம்கூட இல்லை. லாரி போய்விட்டது. கீழே இறங்கினேன். கைகால் நடுக்கம் கோபமாக மாறுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

"ஏங்க பெரியவரே, பின்னாடி ஒரு லைட்டும் இல்லாம நடுரோட்டுக்கு வர்றீகளே, உசுரு வேண்டாமா?"

அவருக்கு எழுபது வயது இருக்கும். சைக்கிளை நிதானமாக ஸ்டாண்டில் நிறுத்தினார். "ஓரம் எங்க இருக்குன்னு நீங்களே காட்டுங்க தம்பி" என்றார்.

செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன். தார் விளிம்பு எலி கடித்த ரொட்டி போலப் பிய்ந்து கிடந்தது. விளிம்பிலிருந்து மண் ஒரு சாண் கீழே இருந்தது. அந்த மண்ணின்மேல் உருளும் சரளை. அதற்கும் அப்பால் சீமைக்கருவேலம் சாலையை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டிருந்தது, கீழே காய்ந்த முள். "லாரி வெளிச்சத்துல எனக்குக் கண்ணே தெரியல. ஆனா பள்ளம் எங்க இருக்குன்னு மனப்பாடம். அதான் உள்ள ஒதுங்குனேன். அங்கிட்டு எறங்குனா விழுவேன், இல்லைன்னா முள்ளு ஏறும்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார். என்னிடம் மன்னிப்பும் கேட்கவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

கடையில் டேப் விற்கிறவனுக்கு அளக்காமல் இருக்க முடியாது. இரண்டு நாள் கழித்துப் பகலில் அதே இடத்தில் வண்டியை நிறுத்தி அளந்தேன். ஒற்றைத் தடக் கிராமச் சாலைக்குத் தார் அகலம் 3.75 மீட்டர் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. அந்த இடத்தில் தார் என்று சொல்லத்தக்கதாக மிஞ்சியிருந்தது 3.20 மீட்டர். பக்கக் கண்ணாடிகளையும் சேர்த்தால் என் காருக்கு ஏறக்குறைய 2 மீட்டர் வேண்டும். சைக்கிளின் ஹேண்டில்பாருக்கு 60 சென்டிமீட்டர். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் போனால், என் வலப்பக்கம், நடுவில், அவருடைய இடப்பக்கம் என மூன்று இடத்துக்கும் சேர்த்து மிஞ்சுவது இன்னொரு 60 சென்டிமீட்டர்தான். நான் ஆசைப்படுகிறபடி அவர் கையைக் காட்டியிருந்தால் அந்தக் கை என் கண்ணாடியில் இடித்திருக்கும்.

ஆகவே அப்படிப்பட்ட இடத்தில் முந்துவதற்கு எனக்கு வழியில்லை, பின்னாலேயே போக வேண்டியதுதான் என்று ஒப்புக்கொள்கிறேன். இருநூறு மீட்டர் நீளத்துக்கு அப்படி ஊர்ந்தால் என்ன நட்டம் என்றும் கணக்குப் போட்டேன். 15 கிலோமீட்டர் வேகத்தில் 48 நொடி, 60 கிலோமீட்டர் வேகத்தில் 12 நொடி. ஆக, நான் இழப்பது 36 நொடி. வசூலுக்குப் போன வீட்டில், "செட்டியாரே, அடுத்த வாரம் வாங்க" என்ற பதிலைக் கேட்பதற்கு வாசலில் நான் காத்திருக்கும் நேரத்தைவிட இது குறைவு.

இதனால் சைக்கிள்காரர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று நான் எழுதப்போவதில்லை. நல்ல அகலமான சாலையிலும் அவர்கள் செய்வதைப் பார்க்கிறேன். மாலை நான்கேகாலுக்குப் பள்ளிக்கூடம் விட்டால், மூன்று சைக்கிள் வரிசையாக, நடுவில் போகிறவன் இரண்டு பக்கத்துத் தோளிலும் கை போட்டுக்கொண்டு, தேர் வடம் பிடித்ததுபோல் சாலையை நிறைத்து வருவார்கள். ஹாரன் அடித்தால் மூன்றும் மூன்று திசையில் சிதறும். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. 2001-இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கிய விலையில்லாச் சைக்கிள் திட்டம் பிறகு அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் மேல்நிலை படிக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் விரிந்தது. பத்தாம் வகுப்போடு உள்ளூர்ப் பள்ளி முடிந்துபோகும் ஊர்களில் எத்தனையோ பெண் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டியதற்கு அந்தச் சைக்கிளும் ஒரு காரணம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வண்டியைக் கையில் கொடுக்கிற அன்றைக்கே, பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, கையைக் காட்டி வலப்பக்கம் திரும்புவது எப்படி என்று ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தால் என்ன என்பதுதான் என் கேள்வி.

இந்த மாதிரிச் சொல்லிக்கொடுக்க முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-இல் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க வைத்தார். செட்டிநாட்டு ஊர்களில் ராயவரம், கோனாபட்டு போன்றவை அந்த மாவட்டத்தில்தான் இருக்கின்றன. எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. புது மோட்டார் சைக்கிள் வைத்திருந்த திமிர். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பின்னால் ஒருத்தி சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓட, பொட்டலில் வட்டமடித்த அந்தப் பெண்களைப் பார்த்து நானும் சேர்ந்து சிரித்தவன்தான். அவர்களில் ஒருவர் பிறகு பல ஆண்டுகள் எங்கள் சொந்தக்காரர் வீட்டுக்குத் தண்ணீர்க் குடம் கட்டிய சைக்கிளில் வந்து போனார். குடத்தில் ஒரு சொட்டு சிந்தாது. திரும்பும்போது கையைக் காட்டாமல் திரும்பவும் மாட்டார். கற்றுக்கொடுத்தால் வரும்.

சைக்கிளுக்கு வரி கட்டுகிறார்களா, லைசென்ஸ் உண்டா, இன்சூரன்ஸ் உண்டா என்று என்னைப்போல் கார் வைத்திருக்கும் நண்பர்கள் கேட்பார்கள். மோட்டார் இல்லாத வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் என்ன வேலை? ஒரு காலத்தில் உள்ளாட்சிக்கு வரி கட்டி வில்லை வாங்கி சைக்கிளில் மாட்டிக்கொண்டுதான் போனார்கள். அப்பச்சியின் ஹெர்குலிஸ் சைக்கிளில் அந்த வில்லை தொங்கியதை நானே தடவிப் பார்த்திருக்கிறேன். அதனால் அப்பச்சி கையைக் காட்டிவிட்டுத் திரும்பினார் என்று நினைத்துவிடாதீர்கள். மேலும், இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு சைக்கிளே கூடாது என்று பேசவும் எனக்கு வாய் வராது. 1949-இல் சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலையைத் தொடங்கிய முருகப்பா குடும்பத்தின் பூர்விக ஊர் இதே பள்ளத்தூர்தான். நாட்டுக்கெல்லாம் ஹெர்குலிஸ் கொடுத்துவிட்டு, நம் தெருவில் மட்டும் ஓட்டாதே என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஹெல்மெட்டும் இறுக்கமான உடுப்புமாக வரும் கூட்டம் வேறு ரகம். முன்னும் பின்னும் விளக்குகள் கோயில் திருவிழாவைப்போல் மின்னும். அரை மைலுக்கு அப்பாலேயே தெரிந்துவிடும், அதற்கு நன்றி. ஆனால் என் இரும்புக் கடை மாதச் சம்பளக் கணக்கைவிட விலை அதிகமான அந்த வண்டிகளில் ஒரு பெல் கிடையாது. பழைய சைக்கிளில் பெல்லைத் தவிர எல்லாம் சத்தம் போடும் என்று நாம் கேலி செய்வோமே, இதில் பெல்லும் இல்லை, சத்தமும் இல்லை. பின்னாலிருந்து பூனை மாதிரி வந்து, திடீரென்று "அண்ணா, சைடு" என்று கத்தினால் நடந்துபோகிற ஆச்சிமார்கள் என்ன ஆவார்கள்? இருவர் இருவராகப் பேசிக்கொண்டு போவதையும், எதிரே வண்டி வரும்போதாவது நிறுத்திக்கொள்ளலாம்.

கானாடுகாத்தானில் வாடகைச் சைக்கிளில் சுற்றும் வெளிநாட்டுப் பயணிகளைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். வீடுகளின் உச்சியில் இருக்கும் சுதைச் சிற்பங்களைப் பார்த்தபடி, அண்ணாந்துகொண்டே ஓட்டுவார்கள். தெருக்கள் நேராக இருப்பதால் பிழைக்கிறார்கள். பிரான்சிலிருந்து வருகிறவர்களுக்கு வலப்பக்கம் போய்ப் பழக்கம். தெருமுனை திரும்பினால் கை தானாக வலப்பக்கமே போய்விடும். ஆனால் அவர்கள் கையைக் காட்டுகிறார்கள். தப்பான பக்கத்தில் போய்க்கொண்டே சரியாகக் கையைக் காட்டுகிறார்கள்.

என்னைப்போன்ற காரோட்டிகளிடம் ஒன்று கேட்க வேண்டும். தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்குக் காவடியோடு நடக்கிறவர்கள் சாலையில் வரும்போது நாம் என்ன செய்கிறோம்? விளக்கைத் தாழ்த்துகிறோம், ஹாரனைத் தொடுவதில்லை, வேகத்தைக் குறைத்து ஒதுங்கிப் போகிறோம். ஒரு வாரத்துக்கு நம் எல்லோருக்கும் ஓட்டத் தெரிகிறது. தவிட்டு மூட்டையோடு போகிறவர் மேல் காவி உடுப்பு இல்லை என்பதற்காக அவரிடம் மட்டும் ஏன் அவ்வளவு அவசரம் என்று எனக்கே விளங்கவில்லை. அன்றைக்கு அந்த லாரிக்காரர் டிம் அடித்திருந்தால், அல்லது கண் கூசியவுடனே நான் முழுதாக நிறுத்தியிருந்தால், பெரியவருக்கு நடு ரோட்டுக்கு வர வேண்டிய தேவை இருந்தாலும் ஆபத்து இருந்திருக்காது.

அந்த விளிம்பை இன்னும் யாரும் சரிசெய்யவில்லை. போன செவ்வாய்க்கிழமை இரவு அதே சாலையில் வந்தபோது, தூரத்தில் ஏதோ பளிச்சென்று மின்னியது. அருகில் போனால் அதே பெரியவர். தவிட்டு மூட்டைக்கு மேல், சணல் கயிற்றில் கோத்த ஒரு பழைய சிடி, காற்றில் சுழன்று சுழன்று என் விளக்கை என் கண்ணிலேயே அடித்துக்கொண்டிருந்தது. வேகத்தைக் குறைத்துப் பின்னாலேயே போனேன். ஊருணிக் கரை தாண்டியதும் அவர் வலப்பக்கம் தன் தெருவுக்குள் திரும்பினார். கையை இப்போதும் காட்டவில்லை.