சுருக்கம் எடுக்காத நீராவிக்கு எதற்கு இத்தனை விலை?

துணி உலர்த்தும் டிரையரில் நீராவி விட்டால் சுருக்கமெல்லாம் போய்விடும், இனி இஸ்திரிப் பெட்டியைத் தொடவே வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி விற்கிறார்களே, அந்தப் பேச்சை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். போகாது. பருத்திச் சட்டைக்குப் போகாது, குர்தாவுக்குப் போகாது, லினனுக்குச் சத்தியமாகப் போகாது. பாலியஸ்டர் கலந்த ஆபீஸ் சட்டை இரண்டு மூன்றைப் போட்டு, மணி அடித்ததும் ஓடிப்போய் எடுத்து, சூடு ஆறுவதற்குள் ஹேங்கரில் மாட்டினால் ஓரளவு போகும். அந்த வசதி அவ்வளவுதான். அதை அப்படியே சொல்லி விற்றிருந்தால் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

நாங்கள் இருப்பது அரிசோனாவில், ஃபீனிக்ஸ் பக்கம் சாண்ட்லரில். கோடையில் 43, 44 டிகிரி செல்சியஸ் இங்கே சாதாரணம், காற்றில் ஈரம் என்பதே கிடையாது, கொல்லையில் ஒரு கொடி கட்டினால் போர்வைகூடச் சீக்கிரமே காய்ந்துவிடும். ஆனால் கட்ட முடியாது. வெளியே தெரிகிற மாதிரி துணி காயப்போடக் கூடாது என்று எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் விதி, தெருவின் அழகு கெட்டுவிடுமாம். அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், இப்போதைக்கு விடுகிறேன். ஆக, வெளியே அத்தனை வெயிலை வைத்துக்கொண்டு, வீட்டுக்குள்ளே 240 வோல்ட் மின்சாரத்தில் சூடேற்றித் துணியை உலர்த்தி, அந்த வெந்த காற்றைக் குழாய் வழியாக மறுபடி வெளியே அனுப்புகிறோம். துணி வெளியே வரும்போது கசங்கி வருகிறது. அந்தக் கசங்கலை எடுக்கத்தான் இந்த நீராவி.

பழைய டிரையர் போய்ப் புதிது வாங்கப் போனபோது கடையில் ஒரே மாதிரி இரண்டு டிரையர்கள் பக்கத்தில் பக்கத்தில். துணி உருளும் டிரம்மின் அளவு ஒன்று, மோட்டார் ஒன்று, நிறம்கூட ஒன்று. ஒன்றில் மட்டும் 'ஸ்டீம்' பொத்தான், அதற்கு நூறு டாலருக்கு மேல் கூடுதல். விற்ற பையன் சொன்னதை இன்னும் மறக்கவில்லை: "ஐந்து சட்டை போடுங்கள், கால் மணி நேரத்தில் அப்படியே ஆபீஸுக்குப் போட்டுக்கொண்டு போகலாம்." என்ன துணி என்று அவனும் சொல்லவில்லை, பெட்டியின் மேலும் எழுதவில்லை, விளம்பரப் பலகையிலும் இல்லை. வீட்டுக்கு வந்து கையேட்டைப் புரட்டினால் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் எல்லாம் இருக்கிறது. பட்டு போடக் கூடாது, கம்பளி கூடாது, தோல் கூடாது, அதிகம் துணி திணிக்கக் கூடாது, துணியின் வகையைப் பொறுத்துப் பலன் மாறலாம். பலன் மாறலாம்! இந்த இரண்டு சொல்லைக் கடையில் முன்பக்கம் ஒட்டினால் என்ன?

சரி, அதைக் கொண்டுவந்து மாட்டும் கதைக்கு வருவோம். சாதாரண டிரையருக்குத் தண்ணீர் இணைப்பு தேவையில்லை. நீராவி டிரையருக்குப் பல மாடல்களில் கட்டாயம் வேண்டும். வாஷிங் மெஷினுக்கு வரும் பச்சைத் தண்ணீர்க் குழாயில் இரண்டாகப் பிரியும் ஒரு 'ஒய்' இணைப்பு போட்டு, அங்கிருந்து டிரையரின் பின்பக்கத்துக்கு ஒரு குழாய் இழுக்க வேண்டும். அது பெட்டியில் இல்லை. தனியாக வாங்க வேண்டுமாம். கொண்டுவந்து இறக்கியவர்கள், இணைப்பு இல்லாவிட்டால் மாட்ட மாட்டோம் என்று கையை விரித்துவிட்டுப் போய்விட்டார்கள். நீராவி என்று தனி விலை வாங்கிய பொருளுக்கு நீர் வரும் குழாயைச் சேர்த்துத் தர மனசு வரவில்லை. விலை பதினைந்து இருபது டாலர்தான், ஆனால் அதற்காக ஒரு சனிக்கிழமை காலை கடைக்கு அலைந்து, வாஷிங் மெஷினை முன்னால் இழுத்து, குழாயைக் கழற்றி மாட்டி, ஒழுகுகிறதா என்று தரையில் படுத்துப் பார்த்தது எங்கள் உழைப்பு.

அப்புறம் தண்ணீர். கொலராடோ ஆற்றிலிருந்தும் சால்ட் ஆற்றிலிருந்தும் எங்கள் பக்கத்துக்கு வருகிற தண்ணீர் கடும் உப்புத் தண்ணீர், குழாய் வாயெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் படியும், காபி மெஷினுக்குக்கூட மாதாமாதம் வினிகர் விட வேண்டியிருக்கிறது. டிரம்முக்குள் நீர் தெளிக்கும் அந்த மூக்கு எவ்வளவு சின்னது தெரியுமா? அதில் சுண்ணாம்பு கட்டினால் தெளிப்பு சீராக இருக்காது, ஒரே பக்கமாகச் சொட்டும், வெளிர்நிறச் சட்டையில் திட்டுத் திட்டாக ஈரம். நாடு முழுக்கக் கடின நீர் வருகிற ஊர்கள் எத்தனையோ இருக்கின்றன, இந்தப் பொருளை அங்கெல்லாம் விற்கிறார்கள், அதைப் பற்றி விற்பனையின்போது ஒரு பேச்சு கிடையாது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், சுருக்கம் போயிருந்தால். ஏன் போகவில்லை என்பதுதான் என்னைக் கொதிக்க வைக்கிறது, ஏனென்றால் இது பள்ளிக்கூட வேதியியல், இவர்களுடைய பொறியாளர்களுக்குத் தெரியாதது இல்லை.

பருத்தி என்பது செல்லுலோஸ். அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்புகளால் பிடித்துக்கொண்டிருக்கின்றன. தண்ணீர் உள்ளே போனால் அந்தப் பிடி தளர்கிறது, காய்ந்தால் அப்போது துணி எப்படி மடங்கிக் கிடக்கிறதோ அந்த நிலையிலேயே மறுபடி பிடித்துக்கொள்கிறது. அதுதான் சுருக்கம். அதை எடுக்க ஈரம் வேண்டும், சூடு வேண்டும், மூன்றாவதாகத் துணியை நேராக இழுத்தோ அழுத்தியோ பிடித்து அந்த நிலையிலேயே காயவிட வேண்டும். நம்மூர்த் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர் செய்வது இதைத்தான். தண்ணீரைக் கையால் தெளிப்பார், கரி போட்ட பெட்டி சூட்டைக் கொடுக்கும், அந்தப் பெட்டியின் கனமும் அவருடைய தோளின் பலமும் அழுத்தத்தைக் கொடுக்கும். டிரையரில் அந்த மூன்றாவது எங்கே இருக்கிறது? ஈரம் கொடுத்துப் பிடியைத் தளர்த்திவிட்டு, துணியை ஒன்றன் மேல் ஒன்றாக உருட்டிப் போட்டு அப்படியே காயவைத்தால், பழைய சுருக்கம் கொஞ்சம் போய்ப் புதுச் சுருக்கம் கொஞ்சம் வரும். என் சட்டைகளில் நடப்பது அதுதான். முதுகுப் பக்கம் பார்க்க நன்றாக இருக்கும், காலர் நுனி சுருண்டிருக்கும், பொத்தான் பட்டை அலை அலையாக நிற்கும், கைப்பட்டி கேட்கவே வேண்டாம். வெளியே போகும்போது கண்ணில் படுவது அந்த மூன்றும்தானே?

சூட்டையும் பாருங்கள். துணியின் பட்டியில் இஸ்திரிப் பெட்டி படம் போட்டுப் புள்ளி வைத்திருப்பார்களே, ஒரு புள்ளி என்றால் அதிகபட்சம் 110 டிகிரி, இரண்டு என்றால் 150, பருத்திக்கும் லினனுக்கும் வைக்கும் மூன்று புள்ளி 200 டிகிரி. டிரையருக்குள் துணி அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில்கூடப் போகாது, போகவும் கூடாது, போனால் துணி கருகும். பாலியஸ்டருக்கு அவ்வளவு சூடு தேவையில்லை, குறைந்த சூட்டிலேயே இளகிக்கொடுக்கும், அதனால்தான் அதில் மட்டும் ஏதோ வேலை செய்த மாதிரி தெரிகிறது. இன்னொன்று, பல டிரையர்களில் டிரம்மைச் சுற்றும் அதே மோட்டார்தான் காற்றை வெளியே தள்ளும் விசிறியையும் சுற்றுகிறது. நான்கு அங்குலக் குழாய் வழியாகக் காற்று போய்க்கொண்டே இருக்கும்போது, உள்ளே விட்ட நீராவியில் எவ்வளவு துணியில் தங்கும்?

உள்ளே விடுவது நீராவிதானா என்பதே ஒரு கேள்வி. சில மாடல்களில் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் தனிக் கொதிகலன் இருக்கிறது. சிலவற்றில் பச்சைத் தண்ணீரைப் பனித்துளி மாதிரி சூடான டிரம்முக்குள் பீச்சுவதோடு சரி, அது உள்ளே ஆவியாகிக்கொள்ள வேண்டியது. இதற்காகவே 2008-ல் எல்ஜி நிறுவனம் வேர்ல்பூல் மீது சிகாகோவில் உள்ள மத்திய நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. வேர்ல்பூல்காரர்கள் டிரையரில் குளிர்ந்த நீரைத் தெளித்துவிட்டு நீராவி என்று விளம்பரம் செய்கிறார்கள் என்பது புகார். 2010-ல் ஜூரி, மத்தியச் சட்டப்படி பொய் விளம்பரம் என்ற முக்கியமான குற்றச்சாட்டை ஏற்கவில்லை. கம்பெனிக்குக் கம்பெனி இதை வருடக்கணக்கில் நீதிமன்றத்தில் சண்டை போடும் அளவுக்கு விஷயம் இருக்கிறது. காசு கொடுத்து வாங்குகிறவளுக்கு மட்டும் கடையில் ஒரு விளக்கம் கிடையாது, இரண்டின் மேலும் ஒரே பொத்தான், ஒரே எழுத்து, ஒரே நீராவிப் படம்.

அந்தப் பச்சைத் தண்ணீர் தெளிப்புதான் வசதி என்றால், அதற்கு நூறு டாலர் எதற்கு? ஒரு கைத்துண்டை நனைத்து நன்றாகப் பிழிந்து, கசங்கிய சட்டைகளோடு சாதாரண டிரையரில் போட்டுப் பத்து நிமிஷம் ஓட்டினால் ஏறக்குறைய அதே பலன். இரண்டு மூன்று ஐஸ் கட்டி போட்டாலும் சரி, உருகி ஆவியாகும். செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். பாலியஸ்டர் கலந்தது அதே அளவுக்கு நேராகிறது, பருத்தி அதே அளவுக்கு நேராகாமல் நிற்கிறது. இதில் குழாய் இல்லை, மூக்கு அடைக்கிற வேலை இல்லை.

சுருக்கம் விழாத துணி உண்மையாகவே வேண்டுமென்றால், வேலை நடக்க வேண்டிய இடம் துணியில்தான். அமெரிக்க விவசாயத் துறையின் நியூ ஆர்லியன்ஸ் ஆய்வுக்கூடத்தில் ரூத் பெனெரிட்டோவும் அவருடன் இருந்தவர்களும் இதைத்தான் செய்தார்கள். பருத்தியின் சங்கிலிகளுக்கு இடையே வேதிப்பொருளால் குறுக்குப் பாலம் போட்டு, மடங்கினாலும் பழைய நிலைக்குத் திரும்பும்படி பண்ணினார்கள். அந்த அம்மா பெயரில் 55 காப்புரிமைகள் உண்டு. இன்றைக்கு 'நான் அயர்ன்' என்று விற்கும் பருத்திச் சட்டைகளுக்கு அடிப்படை அதுதான். அப்படிப்பட்ட சட்டையை நீராவி டிரையரில் போட்டு எடுத்தால் நன்றாகத்தான் இருக்கும், சாதாரண டிரையரில் போட்டாலும் நன்றாகத்தான் இருக்கும்! விளம்பரத்தில் புன்னகையோடு சட்டையை எடுத்து உதறுகிறார்களே, அது என்ன துணி என்று சொல்லட்டும் பார்ப்போம்.

எங்கள் வீட்டில் உடுத்துவது என்ன? என் கணவருக்குப் பருத்திச் சட்டை, எனக்குப் பருத்திச் சுடிதார், குர்தா, ஊரிலிருந்து வந்த கைத்தறிச் சேலைகள், பொங்கலுக்கும் கோயிலுக்கும் வேட்டி. சேலையை இந்த டிரம்மில் போட்டால் கயிறாக முறுக்கிக்கொண்டு வரும், பட்டுத் துணியைக் கையேடே தடுத்துவிட்டது. மிச்சமிருப்பதில் ஒரு தடவைக்கு ஐந்து உருப்படி. நான்கு பேர் இருக்கிற வீட்டில் ஒரு வாரத் துணிக்கு ஐந்து ஐந்தாகப் போட்டு எடுப்பது என்றால் ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த மெஷின் பக்கத்திலேயே நிற்க வேண்டும், மணி அடித்ததும் எடுக்காவிட்டால் சூட்டோடு குவிந்து கிடந்து மறுபடி கசங்கும். அதற்கு நின்ற இடத்தில் பெட்டியைச் சூடுபண்ணித் தேய்த்தே முடித்திருப்பேன். முடிக்கிறேன், அதுதான் நடக்கிறது. நேரம் மிச்சமாகும் என்று சொல்லி விற்ற பொருள், டிரையர் வேலை போக இஸ்திரி வேலையையும் அப்படியே மிச்சம் வைத்திருக்கிறது, இரண்டையும் செய்கிறவள் வீட்டில் ஒருத்திதான்.

காசு செலவில்லாமல் சுருக்கம் குறைய வழி இருக்கிறது, அதை யாரும் சொல்லித் தருவதில்லை, விற்க அதில் ஒன்றுமில்லையே. டிரம்மில் பாதிக்கு மேல் திணிக்காதீர்கள். முழுக்கக் காயவிடாதீர்கள், லேசான ஈரம் இருக்கும்போதே சட்டையை வெளியே எடுத்து, காலரையும் பொத்தான் பட்டையையும் கையால் இழுத்துவிட்டு ஹேங்கரில் மாட்டுங்கள், அந்தச் சட்டையின் சொந்த எடையே அதை இழுத்து நேராக்கும். பஞ்சு வடிகட்டியை ஒவ்வொரு தடவையும் சுத்தம் செய்யுங்கள், அது அடைத்தால் காய நேரம் கூடும், கூடினால் கசங்கலும் கூடும்.

கடைக்காரர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. எந்தத் துணிக்கு, எத்தனை உருப்படிக்கு, கொதிகலனா வெறும் தெளிப்பா, இதை விலைச்சீட்டின் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போடுங்கள். குழாயையும் 'ஒய்' இணைப்பையும் பெட்டிக்குள் வையுங்கள். நீங்கள் வாங்கப் போனால் அலமாரியில் இருக்கிற ஒரு பருத்திச் சட்டையை நன்றாகக் கசக்கிக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள், இதைப் போட்டு எடுத்துக் காட்டு என்று கேளுங்கள். காட்ட மாட்டார்கள். நான் பார்த்த கடையில் வரிசையாக நின்ற அத்தனை டிரையரில் ஒன்றுக்குக்கூடத் தண்ணீர்க் குழாயும் இல்லை, மின் இணைப்பும் இல்லை.