ஒலுவில் கரையும் எழுபத்தெட்டுச் சூறாவளியும்

காலநிலை மாற்றம் என்று கதை எடுத்தால் மட்டக்களப்பில் எந்தத் திண்ணையிலும் ஒரு கேள்வி வந்து நிற்கும்: "அப்ப எழுபத்தெட்டுச் சூறாவளிக்கு எந்த வாகனப் புகை மனே காரணம்?"

இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. 1978 நவம்பர் 23 இரவு அடித்த அந்தக் காற்று 900க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அதற்கு முன் 1957 வெள்ளம். இந்தக் கரைக்குப் பேரிடர் புதிதல்ல என்று பெரியவர்கள் சொல்வது முழுக்க உண்மை. "ஆகவே இப்போது நடப்பதும் பழையபடிதான்" என்று அதிலிருந்து எடுக்கிற முடிவுதான் பிழை. ஏன் பிழை என்பதை, மட்டக்களப்புக்குத் தெற்கே அம்பாறைக் கரையிலுள்ள ஒலுவிலிலிருந்து தொடங்கினால் இலகுவாக விளங்கும்.

ஒலுவில் துறைமுக வேலை 2008இல் தொடங்கியது. 2013இல் துறைமுகம் திறக்கப்பட்டது. அலைதடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீண்ட பிறகு வடக்கே, ஒலுவிலிலும் நிந்தவூர்ப் பக்கத்திலும், கரை உடைந்தது. தென்னைகள் வேரோடு சாய்ந்தன, கரைவலை இழுத்த இடங்கள் போயின, தோணி ஏற்ற மணல் இல்லாமல் போனது. இதைக் கடல்மட்டம் உயர்வதன் தலையில் போட முடியுமா? கணக்குப் பாருங்கள். 2006 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் ஆண்டுக்குச் சராசரி 3.7 மில்லிமீற்றர் உயர்ந்தது. பத்து ஆண்டுக்கு 4 சென்ரிமீற்றர்கூட இல்லை. கடல் 1 சென்ரிமீற்றர் உயர்ந்தால் மணற்கரை அரை மீற்றரிலிருந்து ஒரு மீற்றர் வரை பின்வாங்கும் என்பது பருமட்டான விதி. அப்படியானால் பத்து ஆண்டுக்கு இரண்டு முதல் நான்கு மீற்றர். அங்கே போனது அதைவிட எவ்வளவோ கூட.

அதைவிடப் பெரிய சாட்சி, சுவரின் தெற்கே மணல் சேர்ந்ததும் வடக்கே கரை உடைந்ததும்தான். கடல்மட்டம் உயர்ந்துதான் கரை போனது என்றால் இரண்டு பக்கமும் போயிருக்க வேண்டும். ஒரு பக்கம் வளர்ந்து மறுபக்கம் தேய்ந்தால், கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலை நடுவில் எதுவோ மறித்திருக்கிறது என்று பொருள். இந்தக் கரையில் வலை இழுக்கும் எவருக்கும் இது விளங்கும். ஒவ்வொரு காரணமும் தனக்கென்று ஒரு தடம் விட்டுப் போகும். தடத்தைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கலாம்.

இதே முறையை அப்படியே வானத்துக்குக் கொண்டுபோனதுதான் காலநிலை விஞ்ஞானம். ஒலுவிலில் இந்தத் தர்க்கம் சரி, வளிமண்டலத்தில் மட்டும் சரியில்லை என்று சொல்ல இடமில்லை.

முதல் சந்தேகம் சூரியன்மேல். சூரியன் வெளிவிடும் சக்தியைச் செய்மதியால் தொடர்ந்து அளக்கத் தொடங்கியதும் 1978 நவம்பரில்தான், நம் சூறாவளி வந்த அதே மாதம். அன்றிலிருந்து அது 11 ஆண்டுச் சுழற்சியில் ஏறத்தாழ 0.1 சதவீதம் ஏறி இறங்குகிறதே தவிர, மேல்நோக்கிப் போகவில்லை. பூமியின் வெப்பம்தான் மேலே போயிருக்கிறது. சூரியன்தான் காரணம் என்றால் வளிமண்டலம் அடியிலிருந்து உச்சிவரை சூடாக வேண்டும். அளவீடு காட்டுவது வேறு: நாம் வாழும் கீழ்ப்படை சூடாகிறது, அதற்கு மேலே படைமண்டலம் குளிர்கிறது. ஒலுவிலில் ஒரு பக்கம் மணல் சேர்ந்து மறுபக்கம் உடைந்ததைப் போன்ற தடம் இது. படைமண்டலம் குளிர்ந்ததில் ஓசோன் குறைந்ததற்கும் பங்குண்டு. ஆனால் மேலே போகப் போகக் காபனீரொட்சைட்டின் பங்கே பெரிது. இரவுகள் பகலைவிட வேகமாகச் சூடாவதும் சூரியனோடு பொருந்தாது. சுவீடன் விஞ்ஞானி சுவாந்தே அரீனியஸ் 1896இல் கையால் கணக்குப் போட்டபோதே இரவுதான் கூடச் சூடாகும் என்று கண்டிருந்தார்.

சரி, அந்தக் காபனீரொட்சைட்டு எங்கிருந்து வந்தது? தொழிற்புரட்சிக்கு முன் மில்லியனில் ஏறத்தாழ 280 பங்கு, 1978இல் 335, 2024இல் 424. காபன்-14 என்ற சமதானியின் (காபனின் நிறை கூடிய ஒரு வகை அணு) அரைவாழ்வு 5,730 ஆண்டு. கோடிக்கணக்கான ஆண்டு புதைந்து கிடந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் அது ஒரு துளியும் மிஞ்சாது. சேனைப் பயிர் செய்ய எரிக்கும் காட்டுமரத்தில் அது இருக்கும். காற்றில் கூடிவரும் காபன், புதைபொருள் காபனின் அடையாளத்தோடு வருகிறது. கூடவே வளியில் ஒட்சிசன் மிகச் சிறிய அளவில், ஆனால் எரிபொருள் எரிப்பதற்கு ஒத்த கணக்கில் குறைகிறது. எரிமலையோ கடலோ வாயுவைக் கக்கினால் ஒட்சிசன் இப்படிக் குறையாது. எரிமலைகள் விடுவது மனிதர் விடுவதில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி "97 சதவீத விஞ்ஞானிகள் ஒத்துக்கொண்டார்கள்" என்ற சண்டைக்கு வருவோம். 2013இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, 1991 முதல் 2011 வரை வந்த 11,944 கட்டுரைகளின் சுருக்கங்களை வாசித்தது. அவற்றில் 66.4 சதவீதம் காரணம் பற்றி எதுவும் சொல்லவில்லை. சொன்னவற்றில் 97.1 சதவீதம் மனிதர்தான் என்றன. "மூன்றில் ஒரு பங்குதானே ஒத்துக்கொண்டது" என்று எதிர்ப்பவர்கள் பிடிக்கும் இடம் இதுதான். நெல்லில் எரிபந்த நோய் பற்றி எழுதுபவர் சுருக்கத்தில் "நெல் ஒளித்தொகுப்புச் செய்யும்" என்று எழுதமாட்டார். அதனால் அதை மறுக்கிறார் என்றாகாது. கட்டுரையாளர்களிடமே தங்கள் முழுக்கட்டுரையை மதிப்பிடக் கேட்டபோதும் நிலைப்பாடு உள்ளவற்றில் 97.2 சதவீதம் வந்தது.

ஆனாலும் அந்த எண்ணைத் தடிபோல் தூக்கி அடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கைதூக்கி முடிவெடுத்த தீர்மானம்போல அதைக் காட்டினால், கேட்பவருக்கு அது கட்சிக் கூட்டமாகத்தான் தெரியும். படைமண்டலம், சமதானி, ஒட்சிசன், கடல்வெப்பம் என்று ஒன்றோடொன்று தொடர்பில்லாத கருவிகள் ஒரே இடத்தைச் சுட்டியதால்தான் விஞ்ஞானிகள் ஒன்றுபட்டார்கள்.

வெப்பநிலைப் பதிவைத் திருத்திவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டும் உண்டு. திருத்தியது உண்மை, திருத்தத்தான் வேண்டும். வெப்பமானி வெள்ளைப் பெட்டிக்குள், நிலத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றேகால் மீற்றர் உயரத்தில், காற்றோட்டத்தோடு இருக்க வேண்டும். நிலையத்தை இடம் மாற்றினால், பக்கத்தில் கொங்கிறீற்றுக் கட்டடம் எழும்பினால், வாசிக்கும் நேரம் மாறினால் எண் குதிக்கும். பழைய கப்பல்களில் வாளியால் அள்ளிய கடல்நீர், அளக்குமுன் ஆறிவிடும். இந்தத் திருத்தங்களை எல்லாம் உலக அளவில் சேர்த்துப் பார்த்தால் நீண்டகால வெப்ப உயர்வு சற்றுக் குறைகிறதே தவிரக் கூடவில்லை. இந்தப் பதிவுகளைச் சந்தேகித்த பௌதிகவியலாளர் ரிச்சர்ட் முல்லர் தன் குழுவோடு எல்லாவற்றையும் முதலிலிருந்து கணக்கிட்டு, 2012இல் வெப்ப உயர்வும் உண்மை, காரணமும் மனிதர்தான் என்று வெளிப்படையாகச் சொன்னார். எண்ணெய்க் கம்பனியான எக்சனின் உள்ளக ஆவணமே 1982இல், 2020ஐ ஒட்டிய காலத்துக்கு மில்லியனில் 415 பங்கு அளவையும் ஒரு பாகைக்குச் சற்றுக் குறைந்த உயர்வையும் வரைந்து வைத்திருந்தது.

இப்போது எழுபத்தெட்டுக்கு. ஒரு சூறாவளி எதையும் நிரூபிக்காது, எதையும் பொய்யாக்கவும் செய்யாது. கடல்மேற்பரப்பு 26.5 பாகைக்கு மேல் இருந்து, உயரத்துக்கு உயரம் காற்று மாறுவதும் குறைவாக இருந்தால் வங்காள விரிகுடாவில் சூறாவளி பிறக்கும், மனிதர் தேவையில்லை. உலகெங்கும் சூறாவளிகளின் எண்ணிக்கை கூடிவிட்டது என்று விஞ்ஞானம் சொல்லவில்லை. அப்படிச் சொல்லித் திரியும் நம் ஆட்களும் திருந்த வேண்டும். கடும் சூறாவளிகளின் பங்கு கடந்த நாற்பது ஆண்டில் கூடியிருக்கலாம், அவை கொட்டும் மழை கூடுகிறது என்பதுதான் சொல்லப்பட்டது. ஒரு பாகை சூடான காற்று ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். ஓர் ஏக்கர் வயலில் 300 மில்லிமீற்றர் மழை என்றால் 12.14 இலட்சம் லீற்றர். அதில் 7 சதவீதம் ஏறத்தாழ 85,000 லீற்றர். 5,000 லீற்றர் பவுசர் 17. ஏற்கனவே வரம்பு முட்ட நிற்கும் வட்டையில், ஒவ்வொரு ஏக்கருக்கும் இன்னும் 17 பவுசர்.

வடகீழ்ப் பருவமழை நம் பக்கம் எவ்வளவு கூடும், எந்த மாதத்துக்கு நகரும் என்பதில் கணினி மாதிரிகள் ஒன்றுபடவில்லை. அங்கே விவாதம் நடக்கட்டும். 2011 ஜனவரி, பெப்ரவரி வெள்ளத்தை எடுத்தால், அப்போது பசிபிக்கில் பலமான லா நினா நிலை (கடல் வழமையைவிடக் குளிர்ந்து மழையை மாற்றும் இயற்கை நிலை) இருந்தது. அதை விட்டுவிட்டு எல்லாவற்றையும் புகைமேல் போடுவது அறிவுக்கு ஒவ்வாது.

எனக்கு உண்மையில் கோபம் வருவது வேறு இடத்தில். வெள்ளம் கடலுக்கு வடியும் தோணாவைக் குப்பையால் மூடி, தாழ்நிலத்தை மண்போட்டு நிரப்பி, வாவி கடலில் விழும் முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்பதில் வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை வயலுக்கும் வாவி மீனவருக்கும் இடையில் நேரத்தோடு முடிவெடுக்காமல் விட்டு, வீட்டுக்குள் தண்ணீர் ஏறியதும் "காலநிலை மாற்றம்" என்று கைகழுவுகிறார்கள். காலநிலை மாற்றம் உண்மை என்பதாலேயே இந்தச் சாட்டு எடுபடுகிறது. மழை கூடும் என்று தெரிந்தால் வடிகாலை அகலமாக்க வேண்டும், ஒடுக்கக் கூடாது.

நெல்லுக்கு இது இன்னும் கிட்ட வந்துவிட்டது. பூக்கும் நேரத்தில் 35 பாகைக்கு மேல் வெயில் ஏறினால் மகரந்தம் கெட்டுப் பதர் கூடும். அது கண்ணுக்குத் தெரியும். இரவுச் சூடு தெரியாது. பகலில் பயிர் சேர்த்த மாப்பொருளை இரவுச் சுவாசம் தின்றுவிடும். பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வயல்களில், வறட்சிக்காலப் போகத்தில் இரவு வெப்பநிலை 1 பாகை கூடியபோது விளைச்சல் ஏறத்தாழ 10 சதவீதம் குறைந்ததை 2004இல் பதிவுசெய்தார்கள். சித்திரையில் விதைத்த நம் சிறுபோகம் பூத்துப் பால்பிடிப்பது கச்சான் காற்று அனல் வீசும் ஆனி, ஆடியில்.

அடுத்த சிறுபோக ஆரம்பக் கூட்டத்துக்குப் போகும் விவசாயிகள், விதை இனமும் விதைப்புத் திகதியும் முடிவாகுமுன் ஒரு தாள் கேளுங்கள். மட்டக்களப்பு வானிலை நிலையத்தின் குறைந்தபட்ச வெப்பநிலை, மாதவாரியாக, 1961–1990 சராசரி ஒரு நிரலில், 1991–2020 சராசரி அடுத்த நிரலில். ஓர் ஆண்டின் எண்ணைத் தனியாகக் காட்டினால் ஏற்காதீர்கள். நிலையம் இடம் மாறியதா என்றும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஜூன், ஜூலை வரிசைகளில் இரண்டு நிரலுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து, பூக்கும் கிழமையை முன்னுக்குத் தள்ள மூன்று மாத இனம் போடுவதா, விதைப்பைப் பத்து நாள் முந்துவதா என்று பேசுங்கள்.