குளிர்காலத்தில் உப்பைக் கூட்டச் சீன மருத்துவம் சொல்லவில்லை

“சீன மருத்துவப்படி குளிர்காலம் சிறுநீரகத்தின் காலம், அதற்குரிய சுவை உப்பு, அதனால் உப்பைக் கூட்டினால் கிட்னி பலப்படும்” என்று ஒருவர் பதிவு போட்டிருக்கிறார். முதல் பாதி சரி. ஐந்து மூலகங்களில் ஒன்றான நீர், குளிர்காலம், சிறுநீரகம், உப்பு எல்லாவற்றையும் அந்த மரபு ஒரே வரிசையில்தான் வைக்கிறது. முடிவுதான் தலைகீழ். உப்பை மிகுதியாகத் தின்றால் நாடியில் ரத்தம் தேங்கி நிறம் மாறும் என்று அதன் மூலநூலான ஹுவாங்தி நெய்ஜிங்கே எச்சரிக்கிறது. குளிர்காலத்துக்கு அது சொல்வது வேறு: சீக்கிரம் படு, வெயில் வந்த பிறகு எழு, குளிர் படாமல் இரு, வியர்வையை வீணாக்காதே. டிசம்பர் 21, 22 வாக்கில், ஆண்டிலேயே பகல் குறுகிய நாளாக வரும் தோங்ஜி அன்று, சீனாவின் செங்டு நகரமே ஆட்டுக்கறி சூப்புக்கு அலைமோதும். அதுவும் உடம்புச் சூட்டுக்காகத்தான், உப்புக்காக இல்லை.

அப்புறம், சீன மருத்துவம் சொல்லும் சிறுநீரகத்தில் வளர்ச்சி, எலும்பு, பிள்ளைப்பேறு எல்லாம் அடக்கம். லேபில் கிரியேட்டினின் (ரத்தத்தில் உள்ள ஒரு கழிவு) அளவை வைத்துச் சோதிக்கும் உறுப்போடு அதை ஒன்றாக்கக் கூடாது. அந்த உறுப்புக்கு உப்பு கூடினால் கெடுதல்தான். நாளுக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார அமைப்பு. பிரஷர் உள்ளவர்கள் தயவுசெய்து அந்தப் பதிவைப் பின்பற்ற வேண்டாம்.