ஹட்சனை நாவலில் தொடங்க வேண்டாம்

அர்ஜென்டினாவில் பிறந்த ஆங்கில எழுத்தாளரும் இயற்கை ஆய்வாளருமான டபிள்யூ. ஹெச். ஹட்சனைப் படிக்க 'கிரீன் மான்ஷன்ஸ்' நாவலில் தொடங்கச் சொல்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு உடன்பாடில்லை. 1904-ல் வந்த அந்தக் கதைதான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது, சரி. அதன் நாயகி, காட்டுப் பெண் ரீமா பறவை மாதிரி குரல் கொடுக்கும் இடங்கள் அபாரம். மற்றபடி இழுவை. முதல் தடவை நான் பாதியிலேயே மூடிவைத்துவிட்டேன்.

அவருடைய சுயசரிதையான 'ஃபார் அவே அண்ட் லாங் அகோ'வை எடுங்கள். அர்ஜென்டினாவின் பாம்பாஸ் புல்வெளியில் கழிந்த பால்யம், வீட்டருகே வரிசையாக 25 ஓம்பு மரங்கள். எழுபது வயதைத் தாண்டி, நோயில் படுத்திருந்தபோது சிறுவயது அப்படியே கண்முன் விரிந்ததாம். அந்தத் தெளிவு பக்கத்துக்குப் பக்கம் தெரியும்.

அப்புறம் 'ஐடில் டேஸ் இன் படகோனியா' (1893), தென் அமெரிக்காவின் தெற்குக் கோடியில் அவர் போன பயணத்தின் நூல். பறவைகளைத் தேடிப் போன ஹட்சன், கைத்துப்பாக்கி தவறி வெடித்து முழங்காலில் குண்டு பாய்ந்து, ஒரு குடிசைத் தரையில் ராத்திரி முழுக்கத் தனியாகக் கிடக்கிறார். விடிந்ததும் அவர் போர்த்தியிருந்த போன்சோவுக்கு அடியிலிருந்து ஒரு விஷப்பாம்பு மெல்ல நழுவிப் போகிறது! இரவெல்லாம் கூடவே படுத்திருந்திருக்கிறது. அவருக்கு அதன்மேல் கோபமே இல்லை.

இந்த இரண்டும் பிடித்துப்போனால், பிறகு ரீமாவிடம் போகலாம்.