செருப்பு விட்ட வகையில் 72 பவுண்டு

வாசலில் செருப்பைக் கழற்றி விட்டதற்கு 72 பவுண்டு. கடிதம் எழுதிய கூலி 60, அதன் மேல் 20 சதவீதம் வாட். திட்டுவதற்குக்கூட வாட் போடுகிற ஊர் இது.

லண்டனில் லீஸ்ஹோல்டு பிளாட் (நிலம் ஒருத்தருக்கு, வீடு குறிப்பிட்ட வருஷத்துக்கு மட்டும் நமக்கு) வைத்திருக்கிறவர்களுக்கு அந்த உறையைத் தெரியும், ஜன்னல் வைத்த வெள்ளை உறை. பிரிக்கவே வேண்டாம், தடவிப் பார்த்தே சொல்லிவிடலாம். மெல்லிசாக இருந்தால் கிரவுண்ட் ரென்ட். கொஞ்சம் தடித்திருந்தால் ஆறு மாதச் சர்வீஸ் சார்ஜ். கையில் எடுக்கும்போதே கனத்தால் செக்‌ஷன் 20, அதாவது பெரிய வேலைக்கான செலவு நோட்டீஸ், அன்றைக்கு ராத்திரி தூக்கம் கிடையாது. நேற்று வந்தது எதிலும் சேராத ஒரு நடுத்தர உறை. மாடிப்படி ஏறிக்கொண்டே பிரித்தேன். (லிஃப்ட் ஓடவில்லை. அது வேறு கதை, அதற்கு 3,100 பவுண்டு தனியாகக் கட்டியிருக்கிறேன்.) உள்ளே ஒரு கலர் புகைப்படம். எங்கள் வீட்டு வாசல். அதில் 11 ஜோடி செருப்பு.

வரலட்சுமி விரதத்தன்று எடுத்த படம். ஆகஸ்ட் மாதம், வெள்ளிக்கிழமை, பள்ளி விடுமுறை. ஹாரோவில் இருக்கிற தெரிந்தவர்களையெல்லாம் என் மனைவி வெற்றிலை பாக்குக்குக் கூப்பிட்டிருந்தாள். நான்கு மணிக்கு வர ஆரம்பித்தார்கள். வந்தவர்கள் என்ன செய்வார்கள்? செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். கலசம் வைத்திருக்கிற வீட்டுக்குள் செருப்போடு யார் வருவார்கள்? உள்ளே பாட்டு, சுண்டல், கொழுக்கட்டை எல்லாம் நடந்துகொண்டிருந்த அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள், வருஷம் முழுக்க இந்தப் பக்கமே தலை காட்டாத கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற மேனேஜிங் ஏஜென்ட் ஆபீஸிலிருந்து ஒரு ஆசாமி, லிஃப்ட் ஓடாத கட்டடத்தில் மூன்று மாடி ஏறி வந்து, எங்கள் வாசலில் நின்று, செருப்புகளைப் படம் எடுத்து, ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். மணி அடிக்கவில்லை, கதவைத் தட்டவில்லை. தட்டியிருந்தால் சுண்டலாவது கிடைத்திருக்கும்.

ஸ்டிக்கரில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? 1977-ஆம் ஆண்டு டோர்ட்ஸ் சட்டத்தின்படி இந்தப் பொருளை 14 நாளில் அப்புறப்படுத்தாவிட்டால் நாங்களே எடுத்து விற்போம் அல்லது அழிப்போம், செலவு உங்களுடையது. திருச்சி சின்னக்கடை வீதியில் 350 ரூபாய்க்கு வாங்கின செருப்புக்கு இங்கிலாந்து நாடாளுமன்றச் சட்டம். ஐந்தரை மணிக்கு வெளியே வந்த பெண்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு மாமி அதை ஏதோ கடைக் கூப்பன் என்று நினைத்து, கிழியாமல் உரித்து, தாம்பூலப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

கட்டடத்தின் பொது நடைபாதையில் சாமான் கிடக்கக்கூடாது என்பது எனக்குப் புரியாமல் இல்லை. 2017 ஜூனில் கிரென்ஃபெல் டவர் அடுக்குமாடித் தீ விபத்தில் 72 பேர் செத்துப்போனதை இந்த ஊரில் இருந்து பார்த்தவன் நான். தீ, புகை, தப்பிக்கிற வழி, இதில் விளையாட்டே இல்லை. ஆனால் அந்தப் புகைப்படத்தை இன்னொரு தடவை பாருங்கள். செருப்பெல்லாம் பளபளவென்று இருக்கிறது, சுவரில் ஒரு வெள்ளை வட்டம், ஓரமெல்லாம் கும்மிருட்டு. ஃப்ளாஷ் போட்டு எடுத்திருக்கிறார். மாலை ஐந்து மணிக்கு, கோடைக்காலத்தில், ஏன் ஃப்ளாஷ்? ஏனென்றால் எங்கள் மாடி லாண்டிங்கில் ஜன்னல் கிடையாது, இருக்கிற ஒரே விளக்கு மே மாதத்திலிருந்து எரியவில்லை! தப்பிக்கிற வழியில் செருப்பு கிடப்பதைக் கண்டுபிடித்த அந்த மகானுக்கு, தப்பிக்கிற வழியே கண்ணுக்குத் தெரியவில்லை என்பது தெரியவில்லை.

நான்கு தடவை புகார் செய்திருக்கிறேன். நான்குக்கும் ரெஃபரன்ஸ் நம்பர் இருக்கிறது. நேற்று அவற்றையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு போன் செய்தேன். வரிசையில் 14-வது ஆள். 40 நிமிடம் ஒரே பியானோ. எடுத்த பையன் ரொம்ப மரியாதையானவன், அதுதான் இன்னும் எரிச்சல். விளக்கு விஷயம் ஜூன் மாதமே முடிக்கப்பட்டுவிட்டது என்றான். எப்படி முடிந்தது, இன்னும் எரியவில்லையே என்றேன். எலக்ட்ரீஷியன் வந்தார், உள்ளே நுழைய முடியவில்லை, திரும்பிப் போய்விட்டார், அதனால் ஃபைல் மூடப்பட்டது. எங்கே நுழைய முடியவில்லை? கட்டடத்துக்குள். கட்டடத்தின் கதவுச் சாவி யாரிடம் இருக்கிறது? எங்களிடம். எங்களிடம் என்றால்? ஏஜென்ட்டிடம். அதாவது தன் சாவியைத் தானே கொடுக்காததால் ஏஜென்ட் அனுப்பின ஆள் ஏஜென்ட் பார்த்துக்கொள்கிற கட்டடத்துக்குள் போக முடியவில்லை. அந்த வெட்டிப் பயணத்துக்கும் 48 பவுண்டு, சர்வீஸ் சார்ஜ் கணக்கில் ஏறியிருக்கிறது. ஸ்டிக்கர் ஒட்ட வந்தவருக்கு மட்டும் கதவு எப்படித் திறந்தது தம்பி என்று கேட்டேன். அது வேறு டீமாம்.

இந்தச் சர்வீஸ் சார்ஜ் பட்டியலில் ‘அவசர விளக்குச் சோதனை, மாதாந்திரம்’ என்று ஒரு வரி வருஷா வருஷம் வருகிறது. மாதாமாதம் யாரோ வந்து எரியாத விளக்கை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள் போலிருக்கிறது. 2016-இல் வாங்கும்போது வருஷத்துக்கு 1,640 பவுண்டு. இப்போது 3,870. லிஃப்ட் பராமரிப்பு (எது, நிற்கிறதே அதுவா?), ரிசர்வ் ஃபண்ட், இத்தனைக்கும் மேலே இதையெல்லாம் ‘நிர்வகிப்பதற்கு’ ஒரு கட்டணம், அதற்கும் வாட். இன்ஷூரன்ஸைத் தேர்ந்தெடுப்பது ஃப்ரீஹோல்டர், அதாவது நிலத்துக்காரர், பிரீமியம் கட்டுவது நாம், அதில் கமிஷன் எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டால் பதில் வர 10 வேலை நாள்.

செக்‌ஷன் 20 வேறு. ஒரு வேலைக்கு ஒரு வீட்டுக்காரருக்கு 250 பவுண்டுக்கு மேல் விழுந்தால் நம்மிடம் கருத்துக் கேட்கவேண்டும் என்று சட்டம். 2003-இல் வைத்த வரம்பு, இன்றைக்கும் அதேதான். கருத்துக் கேட்பார்கள், 30 நாள் கொடுப்பார்கள், நாமும் ராத்திரி முழித்து இரண்டு பக்கம் எழுதி அனுப்புவோம். பத்திரிகை அடித்து மண்டபத்துக்கு அட்வான்சும் கொடுத்துவிட்டுப் பெண்ணிடம் வந்து உனக்குச் சம்மதமா என்று கேட்பது போலத்தான். லிஃப்ட்டுக்கு அப்படித்தான் கேட்டார்கள்.

கிரவுண்ட் ரென்ட் 300 பவுண்டு. எதற்கு என்று கேட்காதீர்கள், எதற்கும் இல்லை, பூமி அங்கே இருப்பதற்கு. 2022 ஜூன் 30 முதல் போடுகிற புது லீஸுக்கெல்லாம் இதை ஒழித்துவிட்டார்கள், சட்டத்தில் அதற்கு ‘பெப்பர்கார்ன்’ என்று பெயர். ஒரே ஒரு மிளகு, அதுவே வாடகை. படித்தபோது எனக்குச் சிரிப்பாக வந்தது. நம் பக்கத்திலிருந்து கப்பல் கப்பலாக மிளகை ஏற்றிக்கொண்டு போன ஊருக்கு, என்னிடம் ஒரு மிளகு வாங்கிக்கொள்ள மனசு வரவில்லை. என் லீஸ் 2005-இல் போட்டது. பழைய லீஸ்காரன் ரசத்துக்குத்தான் மிளகு வாங்கவேண்டும்.

அப்பாவிடம் போனில் இதைச் சொல்லிப் புலம்பினேன். சொல்லியிருக்கக்கூடாது.

“வீடு வாங்கிட்டேன்னு சொன்னியேடா, அப்புறம் எதுக்கு வாடகை?”

“அது நிலத்துக்குப்பா.”

“சரி, 99 வருஷம் முடிஞ்சா வீடு யாருக்கு?”

“நிலத்துக்காரனுக்கு.”

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், “அப்ப நீ ஒத்திக்கு இருக்கே” என்றார். “ஒத்தின்னாகூட முடிவுல போட்ட பணம் திரும்பி வரும்டா.”

இதற்கு நான் என்ன பதில் சொல்ல? லீஸை நீட்டித்துக்கொள்ளலாமே என்பீர்கள். மிச்சக் காலம் 80 வருஷத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. இறங்கினால் ‘மேரேஜ் வேல்யூ’ என்று ஒன்று வரும். நீட்டிப்பதால் வீட்டு மதிப்பு எவ்வளவு கூடுமோ அதில் பாதி ஃப்ரீஹோல்டருக்கு மொய். கல்யாணம் யாருக்கு என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. 2024 மே மாதம் இதை ஒழிக்கச் சட்டம் வந்தது, நானும் மனைவியும் கேசரி கிண்டிக் கொண்டாடினோம். அந்தப் பகுதி இன்னும் அமலுக்கு வரவில்லை. கேசரி செரித்துவிட்டது.

சரி, 72 பவுண்டுக்கு வருகிறேன். விடக்கூடாது என்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். 2002-ஆம் ஆண்டு லீஸ்ஹோல்டு சட்டம், பதினொன்றாவது அட்டவணை: இப்படிப்பட்ட நிர்வாகக் கட்டணம் நியாயமாக இருக்கவேண்டும், கேட்கும்போது நம் உரிமைகளின் சுருக்கத்தையும் கூடவே வைக்கவேண்டும். உறையைக் கவிழ்த்து உதறிப் பார்த்தேன். செருப்புப் படம்தான் விழுந்தது. மாட்டினான் என்று நினைத்து, ஒரு மின்னஞ்சலில் நறுக்கென்று எழுதினேன். காலையிலேயே பதில் வந்துவிட்டது, விளக்குக்கு ஐந்து மாதம் எடுத்தவர்களிடமிருந்து! சுட்டிக்காட்டியதற்கு நன்றி, உரிமைச் சுருக்கம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது, கட்டணத்தில் மாற்றமில்லை. டிரிப்யூனலுக்குப் போகலாம்தான். மனுக் கட்டணமே 100 பவுண்டுக்கு மேல். லீஸில் எழுதியிருக்கிற விதத்தில், எனக்கு எதிராக வாதாட வருகிற வக்கீல் செலவையும் சர்வீஸ் சார்ஜில் ஏற்றலாம், அதைத் தடுக்கத் தனியாக ஒரு உத்தரவு கேட்கவேண்டும். என்னைத் தோற்கடிக்க நானே சந்தா கட்டவேண்டும்.

மத்தியானம் 12 மணிக்குக் கட்டிவிட்டேன். கார்டில் கட்டினால் கூடுதல் கட்டணம் கிடையாதாம். கண் கலங்கிவிட்டது.

இப்போது செருப்பெல்லாம் வீட்டுக்குள், சமையலறைக் கதவுக்குப் பின்னால், அரிசி மூட்டையை ஒட்டி. ஏப்ரலில் அம்மா வருகிறார். அதை நான் இன்னும் யோசிக்கவில்லை.

உண்மையில் வயிறு எரிவது எதற்கு என்றால், அன்றைக்கு அந்த இருட்டில் யாரோ என் மனைவியின் புதுச் செருப்பில் இடது காலை மட்டும் மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். புகைப்படத்தில் பாருங்கள், மேல் வரிசையில் மூன்றாவது, நீல வார் வைத்தது, இரண்டு காலும் சேர்ந்து ஜோடியாக இருக்கிறது. இப்போது வீட்டில் இருப்பது வலது கால் நீலம், இடது கால் பழுப்பு, பழுப்பில் இன்னும் பாதி மஞ்சள் ஸ்டிக்கர். வாட்ஸ்அப் குரூப்பில் படம் போட்டுக் கேட்டாயிற்று. பத்துப் பேரும் பார்த்திருக்கிறார்கள், பத்து நீல டிக் இருக்கிறது. ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. ஒரு கால் நீலமும் ஒரு கால் பழுப்புமாக ஹாரோ ஸ்டேஷன் வரைக்கும் நடந்து போனவர் யார் என்று அவருக்கே தெரியாமலா இருக்கும்?