நாலு மணி அலாரமும் ஜிங்க் மாத்திரையும்

சென்னை மாரத்தான் ஜனவரியில். அதற்கான பயிற்சி சூடு பிடிப்பது அக்டோபர், நவம்பரில். மழையும் டெங்குவும் ஃப்ளூவும் ஊருக்குள் வருவது அதே மாதங்களில்தான். அப்போது ஓட்டக் குழுக்களின் வாட்ஸ்அப்பில் தினம் ஒருவராவது "ஜலதோஷம், இந்த வாரம் வரல" என்று போடுவார். உடனே ஆலோசனைகள் கொட்டும். ஜிங்க் போடுங்க, வைட்டமின் சி போடுங்க, நிலவேம்பு குடிங்க. "ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தீங்க?" என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

பதினொன்றரைக்குப் படுத்து நாலு மணிக்கு அலாரம் வைத்து எழுபவர்தான் நம் குழுக்களில் ஹீரோ. அமெரிக்காவில் 164 பேரின் தூக்கத்தை ஒரு வாரம் கைக்கருவி கட்டி அளந்தார்கள். பிறகு மூக்கில் ஜலதோஷ வைரஸைச் சொட்டு மருந்தாக விட்டு, ஹோட்டலில் தங்கவைத்துக் கவனித்தார்கள். ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட, ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு நாலு மடங்கு. 2015-இல் வந்த ஆய்வு இது. இப்படி ஒரு வித்தியாசத்தைக் காட்டும் மாத்திரை இருந்தால் மெடிக்கல் ஷாப் வாசலில் வரிசை நின்றிருக்கும்.

ஓட்டமே எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிறது என்றும் ஒரு பேச்சு உண்டு. அதன் வேர், 1987 லாஸ் ஏஞ்சலஸ் மாரத்தானை வைத்து அமெரிக்க ஆய்வாளர் டேவிட் நீமன் செய்த ஆய்வு. ஓடியவர்களில் சுமார் 13 சதவீதம் பேர் அடுத்த வாரம் நோயில் விழுந்தார்கள். அவர்களைப் போலவே பயிற்சி செய்து, ஓடாமல் விட்டவர்களில் 2 சதவீதம்தான். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு ரத்தத்தில் லிம்போசைட் என்ற ஒரு வகை வெள்ளை அணுக்கள் குறைவதும் உண்மை. ஆனால் அவை செத்துப்போவதில்லை, நுரையீரல், குடல் என்று காவலுக்குப் போகின்றன என்று 2018-இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்துக்காரர்கள் வாதிட்டார்கள். எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது. அப்புறம் ஏன் நோய் வருகிறது என்றால், பந்தயத்துக்கு முந்தைய இரவு பதற்றத்தில் தூக்கமில்லை, விடிகாலையில் தும்மலும் இருமலுமாக ஆயிரக்கணக்கான பேரோடு நெருக்கி நிற்கிறோம். காய்ச்சல் வராமல் என்ன செய்யும்?

வைட்டமின் சி-யை முழுக்கப் பொய் என்று சொல்ல மாட்டேன். மாரத்தான் ஓட்டக்காரர்கள், கடுங்குளிரில் பயிற்சி செய்த ராணுவ வீரர்கள் போன்றோரில் சளி பாதியாகக் குறைந்தது என்று மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு சொல்கிறது. ஆனால் சி-யையும் ஈ-யையும் சேர்த்துப் பெரிய டோஸில் தினமும் விழுங்கினால் உடற்பயிற்சியின் பலனே மட்டுப்படலாம் என்று காட்டிய 2009 ஆய்வும் இருக்கிறது. ஒரு கொய்யாப்பழம் கடித்தால் அன்றைய தேவை முடிந்தது.

அப்புறம் சாப்பாடு. கறுப்புக் காபியோடு 25 கிலோமீட்டர் போவதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். ஓடும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போனால், எதிர்ப்புச் சக்தியை மட்டுப்படுத்தும் அழுத்த ஹார்மோனான கார்டிசால் ஏறுவது குறையும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு வாழைப்பழமும் இரண்டு மூன்று பேரீச்சம்பழமும் போதும். எடை குறைக்கவும் வேண்டும், தூரத்தையும் கூட்ட வேண்டும் என்று ஒரே சீசனில் இரண்டையும் பிடித்துக்கொள்பவர்கள்தான் அடிக்கடி நோயில் படுக்கிறார்கள்.

எனக்குக் கோபம் வருவது காய்ச்சலோடு ஓடுபவர்களைப் பார்த்துத்தான். மூக்கு ஒழுகல் மட்டும் என்றால் மெதுவாகப் போகலாம், சரி. காய்ச்சல், உடம்பு வலி, நெஞ்சுச் சளி என்றால் ஷூவைத் தொடாதீர்கள். பாராசிட்டமால் போட்டால் காய்ச்சல் மறையும், வைரஸ் போகாது. அது இதயத் தசையைப் பிடித்திருந்தால் ஓட்டம் உயிருக்கே ஆபத்து. கால் வலிக்கு வழக்கமாகப் போடும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் எல்லாம் டெங்குவில் ரத்தக்கசிவை மோசமாக்கும். காய்ச்சல் என்றால் அவற்றைத் தொடாமல் டாக்டரைப் பாருங்கள்.

அட்மின்களுக்கு ஒரு விண்ணப்பம். நாலரை மணித் தொடக்கம் ஏப்ரல் வெயிலுக்குச் சரி. டிசம்பரில் ஆறேகாலுக்கு மேல்தான் சூரியனே வருகிறது. ஞாயிறு நீண்ட ஓட்டத்தை ஐந்தரைக்கு மாற்றினால் எத்தனை பேர் வருவீர்கள்? கமெண்டில் கை தூக்குங்கள்.