தாத்தாவின் கணக்கு நோட்டில் 1968

வீட்டை இடித்துக் கட்டுவதற்காகப் பரணைக் காலி செய்தோம். ஒரு தகரப் பெட்டி நிறைய தாத்தாவின் கணக்கு நோட்டுகள். பாதிக்கு மேல் கரையான் தின்றுவிட்டது. தப்பித்தவற்றில் ஒன்று 1968. மூன்று நாளாக வேறு எதையும் படிக்கவில்லை.

பெரிய மிராசு என்று நினைத்துவிடாதீர்கள். பழைய தஞ்சாவூர் ஜில்லாவில் இரண்டு வேலிக்கு, அதாவது பதின்மூன்று ஏக்கருக்கு, கொஞ்சம் கூடுதலான நிலம். ஆனால் ஆள் வைத்துப் பயிர்செய்த வீடு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவதற்கு இது வேண்டும்.

1968 என்றதும் நம்மில் பலருக்குக் கண்முன் வருவது வேறு படங்கள். மே மாதம் பிறந்தால் என் டைம்லைனில் பாரிஸ் மாணவர்கள் கல்லெடுத்து நிற்பார்கள். ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங், ஆகஸ்டில் பிராக் நகரத் தெருவில் சோவியத் டாங்கிகள், அக்டோபரில் மெக்சிகோ ஒலிம்பிக் மேடையில் கறுப்புக் கையுறை போட்டு உயர்ந்த இரண்டு கைகள். எல்லாம் சரி. நானும் பகிர்ந்திருக்கிறேன். ஆனால் அந்த வருடம் இங்கே என்ன நடந்தது என்று கேட்டால் பாதிப் பேர் ஜனவரியைச் சொல்கிறார்கள், மீதிப் பேர் டிசம்பரைச் சொல்கிறார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்பவர்கள் குறைவு. என் வம்பே அதில்தான்.

ஜனவரி. சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு. அண்ணா முதலமைச்சராகி இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. மாநாட்டை ஒட்டி மெரினாவில் பத்துச் சிலைகள்: வள்ளுவர், ஔவை, கம்பர், கண்ணகி, பாரதி, பாரதிதாசன், வ.உ.சி., வீரமாமுனிவர், போப், கால்டுவெல். பத்தில் மூன்று பேர் ஐரோப்பாவிலிருந்து வந்த பாதிரிமார்கள் என்பதை இன்று நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. மொழிக்கு உழைத்தவன் எந்த ஊர்க்காரன் என்று அந்த வரிசை கேட்கவில்லை.

தாத்தா போயிருக்கிறார்! நோட்டில் இருக்கிறது. "எழும்பூர் ரயில் சார்ஜ், 2 பேர். மாநாடு. சாப்பாடு. கடலை. மாநாட்டு மலர்." காசுக்கணக்கைத் தவிர ஒரு வார்த்தை எழுதாத மனிதர், அந்தப் பக்கத்தின் ஓரத்தில் மட்டும் "கூட்டம் சொல்லி முடியாது" என்று எழுதியிருக்கிறார். என் தாத்தா காங்கிரஸ்காரர். 67 தேர்தலில் தோற்ற கட்சிக்காரர். அவரே போயிருக்கிறார் என்றால் அந்த ஜனவரி எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே மாதம் 23ஆம் தேதி சட்டமன்றத்தில் இருமொழிக் கொள்கைத் தீர்மானம். இதைப் பற்றி ஆயிரம் பதிவு வந்துவிட்டது, நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அதற்கு மூன்று நாள் முன்பு நடந்ததைத்தான் சொல்ல ஆசை. ஜனவரி 20 அன்று சுயமரியாதைத் திருமணச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. புரோகிதர் இல்லாமல், தீ வளர்க்காமல், மாலை மாற்றியோ மோதிரம் போட்டோ தாலி கட்டியோ செய்துகொண்ட திருமணம் சட்டப்படி செல்லும். அதைவிட முக்கியம், ஏற்கெனவே அப்படி நடந்த திருமணங்களும் செல்லும் என்றது சட்டம். ஐம்பதுகளில் உயர் நீதிமன்றம் இந்தத் திருமணங்கள் செல்லாது என்று சொல்லியிருந்தது. மேடை போட்டு, தலைவர் வந்து வாழ்த்தி, பிள்ளைகுட்டி பெற்று வாழ்ந்துகொண்டிருந்த எத்தனையோ பெண்கள் சட்டத்தின் கண்ணில் மனைவி இல்லை. எங்கள் உறவிலேயே ஓர் அத்தைப்பாட்டி அப்படி இருந்தார். இருபது வருடம் குடும்பம் நடத்திய பிறகு ஒரு சனிக்கிழமை காலையில் அவர் முறைப்படி மனைவியானார். அன்றைக்கு வீட்டில் என்ன செய்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "என்ன செய்யறது, இட்லிக்கு ஊறப் போட்டிருந்தேன்" என்றார்.

ஆகவே அந்த ஜனவரியைச் சிலைத் திறப்பு விழா, வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு சமூகம் தன் முதுகை நிமிர்த்திக்கொண்ட மாதம் அது. (ஒரு சின்னத் தகவல்: அந்த வருடம் முழுக்க மாநிலத்தின் பெயர் மெட்ராஸ்தான். 67லேயே தீர்மானம் போட்டாலும் தமிழ்நாடு என்ற பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14 அன்று. "1968 தமிழ்நாடு" என்று நாம் எழுதுவதே கொஞ்சம் பின்தேதி போட்ட காசோலை.)

சினிமா. நோட்டில் அந்த வருடம் ஏழு முறை "சினிமா" என்று வருகிறது. படத்தின் பெயர் எழுதும் பழக்கம் தாத்தாவுக்கு இல்லை. ஒன்றே ஒன்றுக்கு மட்டும் "சிவாஜி, நாயனம்" என்று இருக்கிறது. தில்லானா மோகனாம்பாள், வேறென்ன. ஜூலை கடைசியில் வந்த படம். சிக்கல் சண்முகசுந்தரமாக சிவாஜி, திருவாரூர் மோகனாம்பாளாக பத்மினி. திரைக்குப் பின்னால் நாதஸ்வரம் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். கன்னம் உப்பியதும் விரல் ஓடியதும் சிவாஜிக்கு. மூச்சு அவர்களுக்கு. அந்தப் படத்தில் எங்கள் ஜில்லா எவ்வளவு அழகாக இருக்கிறது தெரியுமா. கோயில், குளம், கச்சேரி, ரோஷம், வித்வத்து, வம்பு வளர்க்க ஒரு வைத்தி. தஞ்சாவூர் என்றாலே இன்றும் வெளியூர்க்காரர்களுக்கு அந்தப் படம்தான்.

அதே வருடம்தான் பொம்மலாட்டம் என்ற படத்தில் மனோரமா சுத்தமான மெட்ராஸ் பாஷையில் "வா வாத்தியாரே ஊட்டாண்டே" என்று பாடினார். கடற்கரையில் பத்துச் சிலை ஒரு தமிழ் பேச, கொட்டகையில் இன்னொரு தமிழ் விசில் வாங்கியது. எனக்கு இரண்டும் வேண்டும். மாநாட்டு மலர் இப்போது வீட்டில் இல்லை, அந்தப் பாட்டு இன்னும் யாராவது முணுமுணுக்கிறார்கள்.

சரி, சிக்கலுக்கு வருகிறேன். நாகப்பட்டினத்திலிருந்து திருவாரூர் போகிற சாலையில் முதலில் சிக்கல். அதைத் தாண்டினால் கீழ்வேளூர். அப்புறம் திருவாரூர். படத்தின் நாயகன் ஊருக்கும் நாயகி ஊருக்கும் நடுவில் இருக்கிற அந்தக் கீழ்வேளூரில் பிரிந்து, தேவூர் பக்கமாகப் போனால் கீழ்வெண்மணி.

இங்கே நெல்லைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும். 67 தேர்தலில் அரிசி விலை பற்றி தி.மு.க.வின் பேச்சு "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்". பஞ்சத்தில் அடிபட்டிருந்த ஊருக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. அதே சமயத்தில் டெல்டாவில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் வந்து இறங்குகிறது. தாத்தா நோட்டில் யூரியாவும் பூச்சிமருந்தும் அந்த வருடம்தான் தனித் தலைப்பாகவே வருகின்றன. விளைச்சல் ஏறுகிறது. களத்தில் நெல் குவிகிறது. குவித்தவர்கள் கேட்டது கூலியில் அரைப் படி நெல் கூடுதலாக. ரூபாய்க்கு ஒரு படி என்று பேசி ஆட்சி பிடித்த காலத்தில், அரைப் படி நெல்.

கேட்டவர்கள் தலித் விவசாயத் தொழிலாளர்கள். சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கும் சாணிப்பாலும் சவுக்கடியும் தண்டனையாக இருந்த மண்ணில் செங்கொடி பிடித்து நிமிர்ந்தவர்கள். நிலக்காரர்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் வைத்தார்கள், வெளியூர் ஆளை இறக்கி அறுத்தார்கள், கொடியை இறக்கு என்றார்கள். இறக்கவில்லை. இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 67 கூட்டணியில் தி.மு.க.வோடு ஒரு பக்கம் மார்க்சிஸ்ட் கட்சி இருந்தது, இன்னொரு பக்கம் ராஜாஜியின் சுதந்திராக் கட்சி இருந்தது. கூலி கேட்டவனின் கட்சியும் நிலக்காரர்களுக்குப் பிடித்த கட்சியும் ஒரே மேடையில் கைகோத்து ஜெயித்தன. தேர்தலுக்கு அது சாமர்த்தியம். வயல் வரப்பில் அந்தக் கைகோப்புக்கு ஒரு மதிப்பும் இல்லை.

1968 டிசம்பர் 25, புதன்கிழமை இரவு, கீழ்வெண்மணி. தாக்க வந்த கூட்டத்துக்குத் தப்பித்து ஒரு சின்னக் குடிசைக்குள் ஒண்டியவர்கள் 44 பேர். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள். ஓடக் கால் உள்ளவர்கள் ஓடிவிட்டார்கள், முடியாதவர்கள் உள்ளே போனார்கள். வெளியே பூட்டித் தீ வைத்தார்கள். ஒருவரும் மிஞ்சவில்லை.

நான் இதை விவரித்து எழுதப் போவதில்லை. நினைவிடத்துக்கு ஒருமுறை போயிருக்கிறேன். பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தேன், நடுவில் நிறுத்திவிட்டு வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றேன். அவ்வளவுதான் என் யோக்கியதை.

வழக்கு நடந்தது. நாகப்பட்டினம் நீதிமன்றம் தண்டித்தது. பிற்பாடு உயர் நீதிமன்றம் நிலக்காரர்களை விடுவித்தது. நிலமும் வசதியும் உள்ள பெரிய மனிதர்கள், அவர்களில் ஒருவரிடம் கார்கூட இருந்தது, அப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்பக் கடினமாக இருக்கிறது என்கிற ரீதியில் போகிறது அந்தத் தீர்ப்பு. ஒற்றைச் சிலம்பை எடுத்துக்கொண்டு நியாயம் கேட்கப் போனவளுக்கு மெரினாவில் சிலை வைத்த அதே வருடத்து வழக்கு இது.

அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. அப்பல்லோ 8 விண்கலத்தில் மூன்று மனிதர்கள் நிலாவைச் சுற்றிவிட்டு, டிசம்பர் 25 அன்றுதான் பூமியைப் பார்த்துத் திரும்பினார்கள். முந்தின நாள் அவர்கள் எடுத்த படம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். நிலாவின் விளிம்பில் நீல உருண்டையாக நம் பூமி எழும்புகிற படம். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கவிதை பண்ணுவது சுலபம், நானும் பண்ண ஆரம்பித்து அழித்துவிட்டேன். படம் அழகாக இருக்கிறது. அதில் கீழ்வெண்மணி தெரியாது.

எனக்குக் கோபம் வருவது நாம் பங்கு பிரித்துக்கொள்கிற விதத்தில். ஜனவரியைக் கொண்டாடுகிறவர், டிசம்பரைச் சொன்னால் "இது ஆட்சியைக் குறை சொல்லும் பிரசாரம்" என்கிறார். அண்ணா அப்போது அமெரிக்காவில் புற்றுநோய் அறுவைச் சிகிச்சை முடித்துத் திரும்பி ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் ஆகியிருந்தது, அடுத்த பிப்ரவரி 3 அன்று இறந்துபோனார், அந்த மனிதரிடம் எதைக் கேட்பது என்பது ஒரு நியாயமான கேள்விதான். ஆனால் அவரிடம் கேட்க முடியாது என்பதற்காக யாரிடமும் கேட்காமலே விட்டுவிட்டோம். டிசம்பரைச் சொல்கிறவரோ சிலையும் மொழியும் வயிற்றுக்கு என்ன செய்தது என்கிறார். அத்தைப்பாட்டியைக் கேட்டால் சொல்லியிருப்பார், என்ன செய்தது என்று. ஒரே வருடம், ஒரே ஜனங்கள். மொழியில் நிமிர்ந்தவர்களில் பலர் களத்தில் நெல் அளக்கும்போது நிமிரவில்லை. என் தாத்தா உட்பட. மாநாட்டுக் கூட்டத்தில் மெய்மறந்து நின்ற அதே கைதான் மரக்காலைத் தலைதட்டி அளந்தது. அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. எல்லோரும் அப்படித்தான் அளந்தார்கள், அதுதான் விஷயமே.

பின்னால் விவசாயக் கூலிப் பிரச்சினையை விசாரிக்க கணபதியா பிள்ளை கமிஷன் வந்தது, 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அதுவும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

நோட்டுக்கு வருகிறேன். டிசம்பர் 25: பால், வைக்கோல் வண்டி வாடகை. 26 காலி. 27: "ஆள் வரவில்லை". 28: "ஆள் வரவில்லை". அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. கூட்டம் சொல்லி முடியாது என்று எழுதத் தெரிந்தவருக்கு இதை எழுதத் தோன்றவில்லை, அல்லது கை வரவில்லை. அடுத்த பக்கத்தில் டார்ச் லைட், பாட்டரி. அதற்கடுத்து "கொல்லைக் கதவு தாழ்ப்பாள் 1, ஆசாரி கூலி".

ஏடு தீரும்வரை எழுதுவது அவர் வழக்கம், அதனால் நோட்டு 1969 தை வரை ஓடுகிறது. தை அறுவடைக் கணக்கில், கூலிக்கு நேரே இருந்த எண்ணை அடித்துவிட்டு அரைப் படி கூட்டி எழுதியிருக்கிறார். காரணம் எழுதவில்லை.

அப்பாயிக்குத் தொண்ணூறு நெருங்குகிறது, காது கொஞ்சம் மந்தம், ஞாபகம் கூர்மை. போன வாரம் பக்கத்தில் உட்கார்ந்து அரைப் படியைப் பற்றிக் கேட்டேன். "களத்துக் கணக்கு எனக்கு என்னடா தெரியும், நான் அங்கெல்லாம் போனதில்ல" என்றாள். தாழ்ப்பாளைக் கேட்டேன்.

"அந்த வருசம் வரைக்கும் கொல்லக் கதவுக்குத் தாப்பாளே கெடையாதுடா. ராத்திரி சும்மா சாத்தி வெச்சிருப்போம். அதுக்கப்புறம் ஒங்க தாத்தா ரெண்டு தரம் எந்திரிச்சுப் போயித் தொட்டுப் பாத்துட்டு வந்து படுப்பாரு."

நேற்று ஆட்கள் அந்தக் கதவைக் கழற்றிச் சுவரோரம் சாத்தியிருக்கிறார்கள். தாழ்ப்பாள் துருவேறி மரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள், தனியாகக் கழற்றிக் கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.